மழையில் மாண்டு மலை

இந்தூரிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் நம்மவர் இல்லங்களில் விடுமுறை என்றதும் தமிழகப் பயணமே முதலில் நினைவுக்கு வரும். அது இயல்பே. ஆயினும் ஊருக்குச் செல்ல இயலாத ஒற்றை நாள் விடுமுறைகளும் உண்டல்லவா? அத்தகைய நாளொன்றில், அதுவும் மழைக்காலத்தில், குழந்தைகளுடன் கண்டு வரத் தக்க இடம் மாண்டு. சென்ற ஆகஸ்டு 15 அன்று நாங்கள் அங்குச் சென்று வந்தோம்.

இந்தூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ரயில் மாண்டு வரை செல்வதில்லை. தார் நகரின் வழியே சாலையில்தான் செல்ல வேண்டும். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,000 அடி உயரத்தில், ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்றால் மாளவ மேட்டுநிலத்தினின்று பிரிந்து நிற்கும் மலை அது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோஷங் ஷா தாரிலிருந்த தம் தலைநகரை இங்கு மாற்றினார். அன்று அரசிருக்கையாய் விளங்கிய இவ்விடம் இன்று ஒரு சிற்றூர். அரண்மனைகளுக்கிடையே மக்காச்சோளம் விளைகிறது, ஆடுகள் மேய்கின்றன.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெருக்க மரங்களின் பருத்த அடிமரங்கள் நனைந்து யானைகள் நிற்பனபோல் தோன்றின. அவற்றின் காய்களை "மாண்டுப் புளி" என்று பெண்கள் சாலையோரம் விற்கின்றனர். எங்கள் வீட்டுச் சிறுவன் ஒன்றைச் சுவைத்துவிட்டு, "நம் ஊர்ப் புளியே மேல்" என்று தீர்ப்புக் கூறினான்!

ஜஹாஸ் மஹலின் சிறப்பை மழைக்காலத்தில்தான் உணர முடியும். இருபுறமும் ஏரி ததும்ப, நடுவே கப்பல் மிதப்பதுபோல் நீண்டு கிடக்கிறது அம்மாளிகை. மேல்தளத்தில் விழும் மழைநீர், கல்லில் வெட்டிய சுருள் வாய்க்கால்களில் வளைந்து வளைந்து, வேகம் தணிந்து தொட்டியை அடைகிறது. மலையின் மேல் ஆறு இல்லை. ஆகவே வானம் தந்த நீரைக் குளங்களிலும் படிக்கிணறுகளிலும் தேக்கியே ஒரு தலைநகரம் வாழ்ந்தது.

ஹோஷங் ஷாவின் சலவைக்கல் கல்லறையில், ஷாஜகானின் சிற்பிகள் 1659-இல் வந்து சென்றதைக் கூறும் கல்வெட்டு உள்ளது. மலையின் தென்கோடியில் ரூபமதி மண்டபம். இங்கிருந்து நாள்தோறும் அவள் நருமதையைத் தரிசித்தாள் என்பது செவிவழிச் செய்தி. 1561-இல் அக்பரின் படை மாளவத்தை வென்றபின், அவள் நஞ்சுண்டு மாண்டாள் என்றும் கூறுவர். நாங்கள் சென்றபோது மேகம் கவிந்திருந்தது. நருமதை கண்ணுக்குப் புலப்படவில்லை.

"அந்த ஆறு எங்கே போயிற்று?" என்று வினவினான் சிறுவன். நம் வீட்டுக் குழாயில் வருவதே அதன் நீர்தான் என்றேன். அவன் நம்பவில்லை. 1978 முதல் நருமதை நீர் மலைச்சரிவின் மேல் ஏற்றப்பட்டு இந்தூருக்கு வருகிறது என்பதை விளக்கினேன். அதன் பின்னர் மேகத்தையே நெடுநேரம் உற்று நோக்கி நின்றான்.

காவிரியையும் வைகையையும் நம் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அவர்கள் அருந்தும் ஆற்றையும் காட்டுதல் நம் கடனாகும். வானம் தெளிந்திருக்கும் ஐப்பசித் திங்களில் மீண்டும் செல்லக் கருதியுள்ளோம். செல்ல விரும்பும் அன்பர்கள் குடையுடன் வழுக்காத காலணியும் கொண்டு செல்க. நனைந்த கற்படிகள் பாசி படர்ந்துள்ளன. முதியோரைக் கைப்பிடித்து ஏற்றுதல் நலம்.