ஸ்கேன் சீட்டும் பதினெட்டு மில்லிமீட்டரும்

எங்கள் ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு ஸ்கேன் பார்க்கப் போய்வரும் இளம்பெண்கள் கையில் ஒரு சீட்டு இருக்கும். ‘வலது ஓவரி 16, இடது ஓவரி 9’ என்று எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்து மார்க் மாதிரி அதை நீட்டி, “அக்கா, எனக்குப் பதினாறுதான் வந்திருக்கு, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு இருபது வந்துச்சாம்” என்று கண் கலங்குகிறார்கள். மாமியாரும் வாசலிலேயே “எவ்வளவு வந்துச்சு?” என்கிறார். பஸ் செலவு, ஸ்கேன் ஃபீஸ், ஒரு நாள் கூலி எல்லாம் போட்டு வாங்கி வந்த சீட்டு. அதில் என்னதான் இருக்கிறது என்று யாராவது நிதானமாய்ச் சொல்ல வேண்டாமா?

அந்த எண் முட்டையின் அளவே அல்ல, சகோதரிகளே. முட்டையைச் சுமக்கும் நீர்ப்பையின் அளவு. இதைத்தான் டாக்டர்கள் ஃபாலிக்கிள் என்கிறார்கள். நன்றாக வளர்ந்த ஃபாலிக்கிள் ஒரு கோலிக்குண்டு அளவு இருக்கும். உள்ளே இருக்கும் முட்டையோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அது ஸ்கேனில் தெரியவே தெரியாது. 1672-ல் இந்தப் பைகளை விவரித்து எழுதிய டி கிராஃப் என்ற ஹாலந்து டாக்டரே பையைத்தான் முட்டை என்று நினைத்தார். நிஜ முட்டையை வான் பேயர் என்பவர் கண்டுபிடித்தது 1827-ல். அத்தனை பெரியவர்களே குழம்பிய இடம் இது!

பெண் குழந்தை பிறக்கும்போதே இந்தப் பைகள் பத்து இருபது லட்சம் இருக்கும். ஆயுசு முழுவதும் முட்டையை வெளியே விடுவது நானூறு, ஐந்நூறுதான். மாதாமாதம் சில பைகள் வளரக் கிளம்பும். ஒன்று முந்திக்கொள்ளும், மற்றவை சுருங்கிவிடும். முந்திய பை தினம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் பெரிதாகும். 18-லிருந்து 24-க்குள் வந்ததும் வெடித்து முட்டை வெளியேறும். ஆகவே இன்றைக்குப் பதினாறு என்றால் நாளைக்குப் பதினெட்டு ஆகலாம். அழ என்ன இருக்கிறது? ‘வெடிச்சிருச்சு’ என்று ஸ்கேனில் சொன்னதும் பயந்து போனவர்களும் உண்டு. அதுதானம்மா நல்ல செய்தி!

இனி நாள் கணக்கு. ‘பதினாலாம் நாள்’ என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அது 28 நாளுக்கு ஒரு முறை விலக்காகிறவர்களுக்குத்தான் ஏறத்தாழப் பொருந்தும். முட்டை வெளியேறிய பிறகு அடுத்த விலக்கு வர சுமார் 14 நாள் ஆகும். அதனால் பின்னாலிருந்து எண்ண வேண்டும். 35 நாளுக்கு ஒரு முறை ஆகிறவளுக்கு முட்டை வெளியேறுவது 21-ஆம் நாள் வாக்கில். அவள் பதினாலாம் நாளோடு ஸ்கேனை நிறுத்திவிட்டு, ‘எனக்கு முட்டையே வளரலை’ என்று முடிவு கட்டிக்கொண்டால் எப்படி? ஆறு மாதம் காலண்டரில் தேதியைக் குறித்து டாக்டரம்மாவிடம் காட்டுங்கள். பாதி சந்தேகம் அதிலேயே தீரும்.

வெளியே வந்த முட்டைக்கு ஒரு நாள்கூட முழுசாய் ஆயுள் கிடையாது. ஆனால் ஆணின் உயிரணு கர்ப்பப்பையில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். எனவே முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு தங்கக்கூடிய நாட்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் ஓசூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட், மனைவி பூந்தோட்டத்து வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் முகம் பார்ப்பது என்று எத்தனையோ குடும்பங்கள். இவர்களுக்கு மருந்தைவிட ஷிஃப்ட் அட்டவணைதான் முக்கியம் என்பேன். வெள்ளைப்படுவது முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாய், இழுத்தால் நீளுவதாய் இருந்தால் அந்த நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். பை வெடிப்பதற்கு ஊசி போட்டிருந்தால், போட்டதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். ஊசி போட்ட நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

‘நீர்க்கட்டி’ என்ற வார்த்தை வேறு இப்போது வீட்டுக்கு வீடு கேட்கிறது. ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். பி.சி.ஓ.எஸ். என்று சீட்டில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் நிஜக் கட்டி அல்ல. வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன ஃபாலிக்கிள்கள்தான். எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே பலருக்கு விலக்கு ஒழுங்காகிறது. தேவைப்பட்டால் முட்டை வளர மாத்திரையும் உண்டு.

பை நிறைய வளர்ந்தால்தான் நல்லது என்பதும் இல்லை. உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்தாள். ஊசி மருந்து இல்லாமல், இயற்கையாய் வளர்ந்த ஒரே ஒரு ஃபாலிக்கிளிலிருந்து எடுத்த முட்டை அது! அதே வருஷம் அக்டோபர் 3-ல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் ஊசி மூலம் பல பைகளை வளர்த்து ‘துர்கா’வைப் பிறக்க வைத்தார். அன்றைக்கு அவரை நம்பாமல் அவமானப்படுத்தினார்கள். 1981-ல் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார், பாவம். இரண்டு வழியும் பலித்தன. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முக்கியமாக ஒன்று. பெண்ணுக்குப் பத்து ஸ்கேன் ஆகும் வரை ஆணை ஒரு பரிசோதனைக்குக்கூட அழைத்துப் போகாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு, வலியும் கிடையாது. குறை ஆண் பக்கமும் சரிபாதி இருக்கலாம். அதிலும் உலை, பாய்லர் பக்கம் சூட்டில் நின்று வேலை செய்கிறவர்கள் அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும், சூடு உயிரணுவைப் பாதிக்கும். ஒரு வருஷம் முயன்றும் தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போங்கள்.