மூன்றாவது எண்

கர்ப்பிணியின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கும் டிஜிட்டல் கருவி மூன்று எண்களைக் காட்டுகிறது. மேலே இரண்டும் அழுத்தம்; அடியில் இருப்பது நாடித்துடிப்பு. கூட்டம் நெருக்கும் காலை வேளையில் முதல் இரண்டும் நோட்டில் ஏறிவிடும். மூன்றாவதைப் பட்டையைக் கழற்றும்போதே மறந்துவிடுகிறோம். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் பெண்ணை முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரம் அந்த எண்தான்.

தைராய்டு என்றாலே குறைவாகச் சுரந்து உடம்பு போடுவது என்றுதான் நம்மூரில் நினைப்பு. அதிகமாகச் சுரப்பது அரிது. ஆயிரம் கர்ப்பிணிகளில் ஓரிருவர், மிஞ்சினால் நான்கு பேர். ஆனால் கவனிக்காமல் விட்டால் அடி இதயத்தில் விழும். கர்ப்பகாலத்தில் இதயம் இறைக்கும் ரத்தம் ஏற்கெனவே 30 முதல் 50 சதவீதம் கூடியிருக்கும். அதன்மேல் தைராய்டு ஹார்மோனும் விரட்டினால் துடிப்பு தாளம் தவறும், இதயத் தசை தளரும், நுரையீரலில் நீர் கோக்கும். நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுவதும் உண்டு. சிகிச்சை பெறாதவருக்குப் பிரசவமோ தொற்றோ 'தைராய்டு புயலை'க் கிளப்பினால் உயிருக்கே ஆபத்து.

படபடப்பு, வியர்வை, மூச்சு வாங்கல். "மாசமா இருந்தா இதெல்லாம் சகஜம்தானே" என்று மாமியார் சொல்வார். அவசரத்தில் மருத்துவரும் சொல்வார். பலருக்குச் சகஜம்தான். நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை, கை நடுங்குகிறது, உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகும் நாடி 100-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அதைச் சகஜம் என்று அனுப்பிவைப்பது தவறு.

இன்னொரு தவறு வீட்டில் நடக்கிறது. கரு தரித்தது தெரிந்ததும், குழந்தைக்கு ஆகாது என்று தைராய்டு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். முதல் மூன்று மாதங்களில், சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரைக்குப் பதில் வேறு மருந்து உண்டு. மாற்றுவதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதச் சொல்லவில்லை. முதல் மூன்று மாதங்களில் டிஎஸ்எச் எனும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் இயல்பாகவே இறங்கும். அதை மட்டும் பார்த்து மாத்திரை கொடுப்பதும் பிழைதான். நாம் கேட்பது இவ்வளவே: ஒவ்வொரு வருகையிலும் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 100-ஐத் தாண்டியே நின்றால் டிஎஸ்எச்சோடு தைராய்டு ஹார்மோனான டி4-ம் ஈசிஜியும் பாருங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் அன்றைக்கே எக்கோ எடுங்கள்.

கர்ப்பிணிகளே, அடுத்த பரிசோதனையில் நாடி எவ்வளவு என்று கேளுங்கள். நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.