கல்லு உண்மையோ?

கலியாண வீட்டில பொம்பிளையின்ர காதைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கதிரையிடம் மெல்லமாகக் கேட்கப்படும் கேள்வி இது. ரெண்டு பேரும் சந்தோசமா இருக்கினமோ எண்டதெல்லாம் பிறகு.

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் எங்கட சினேகிதி ஒருத்தியின் வீட்டார் கடன்பட்டு வைரத்தோடு வாங்கினார்கள். அடுத்த வருசமே ஒரு அவசரம் வந்தது. தோட்டை அடைவு வைக்கக் கொண்டுபோனால், கல்லுகளின் நிறையைக் கழித்துவிட்டு மிச்சப் பொன்னுக்கு மட்டும் கணக்குப் போட்டார்கள். அடைவில் எங்கு போனாலும் இதுதான் வழமை. கொடுத்த காசில் பெரும்பங்கு கல்லுக்குக் கொடுத்தது. அந்தப் பங்கு அண்டைக்கு ஒண்டுக்கும் உதவேல்ல.

நகை எண்டால் சேமிப்பு எண்டு எங்கட அம்மம்மாமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இடம்பெயர்ந்த காலத்தில காப்பை வித்து அரிசி வாங்கின கதை எங்களில் பலரின் வீட்டில் உண்டு. ஆனால் அது பொன். பொன்னை எந்த ஊரிலும் உரசிப் பார்த்து, நிறுத்து, அண்டைய விலைக்கு எடுப்பார்கள். வைரத்துக்கு அப்படியொரு விலை இல்லை. வாங்கின கடைக்கே திருப்பிக் கொண்டுபோனாலும் வாங்கின விலைக்கு எடுக்க மாட்டார்கள். பொன்னுக்குச் சொன்ன நியாயத்தை வைரத்துக்கும் சேர்த்துச் சொல்லி எங்கட தலையில் கட்டுகிறார்கள்.

வைர மூக்குத்தி எங்கட ஆக்களுக்குப் புதிசில்லை. ஆனால் நிச்சயதார்த்தம் எண்டால் ஒற்றை வைரம் வைச்ச மோதிரம் வேணும் எண்டதை எந்தச் சடங்கும் சொல்லேல்ல. வைரம் நிரந்தரமானது எண்ட விளம்பர வாசகத்தை டி பியர்ஸ் கம்பனிக்காக 1947இல் எழுதியவர் பிரான்சஸ் ஜெரட்டி எண்ட அமெரிக்க விளம்பர எழுத்தாளர். அந்த விளம்பரத்துக்கு இண்டைக்கு வெள்ளவத்தையில் இருந்து நாங்கள் கடன்படுகிறோம்.

அப்ப மலிவா என்ன வாங்குறது? இன்ஸ்ராகிராமில் நகை விக்கிற பக்கங்களிடம் இதுக்கு உடனே ஒரு பதில் இருக்கிறது: கொப்பி. கார்ட்டியே 1969இல் கொண்டுவந்த லவ் காப்பு, வான் கிளீஃப் 1968இல் கொண்டுவந்த அல்ஹம்ப்றா நாலிதழ்ப் பூ, ரெண்டும் பெயரோடையே வரும். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. கார்ட்டியேக்கு நட்டம் வந்துவிடும் எண்டு நாங்கள் அழேல்ல. கொப்பி போடுகிறவள் எந்த நேரமும் பிடிபடுகிற பயத்தோடு கையை மறைக்கிறாள். பார்க்கிறவரை ஏமாத்துகிறதே அந்தக் காப்பின் வேலையாகிப் போகிறது. அதோட, அந்தப் பிராண்டுக்குச் சம்பளமில்லாமல் விளம்பரமும் செய்து கொடுக்கிறோம்.

மினுங்குகிற கல்லு வேணும் எண்டால் அதனதன் பெயரிலேயே வாங்கலாம். அமெரிக்கன் டயமண்ட் எண்டு விக்கிறது கியூபிக் சிர்க்கோனியா. விலை மிகக் குறைவு, கீறல் விழுந்து மங்கினால் மாத்திப் போடலாம். மொய்சனைற் வைரத்தை விடக் கூடுதலாகவே நிறம் தெறிக்கும், கடினமும் நல்லம். ஆய்வுகூட வைரம் உண்மையான வைரம்தான், கரிமம்தான். ஆனால் சேமிப்பு எண்டு நினைச்சு அதை வாங்காதேங்கோ. 2018இல் டி பியர்ஸே லைற்பொக்ஸ் எண்ட பெயரில் ஆய்வுகூட வைரத்தை ஒரு கரட் 800 டொலருக்கு விக்கத் தொடங்கியது. விலை விழுந்துகொண்டே போக, 2025இல் கடையை மூடப்போறம் எண்டு அறிவித்தது.

எங்கட விருப்பம் வேறை. இலங்கை மண்ணில் வைரம் எடுக்கிறதில்லை. ஆனால் வைரத்துக்குப் பதிலா வைக்கிற கல்லு இந்த மண்ணிலேயே இருக்கு. நிறமில்லாத சிர்க்கோனுக்கு மாத்தறை வைரம் எண்டே பெயர். முந்தி இதையே தரம் குறைஞ்ச வைரம் எண்டு நம்பியவர்களும் இருந்தார்கள். (சிர்க்கோன் மண்ணில் விளையிற கல்லு, சிர்க்கோனியா தொழிற்சாலையில் செய்யிறது. பெயர் ஒண்டு மாதிரி இருக்கிறதால கடைக்காரர் சிலரே குழப்புவினம்.) உருப்பெருக்கிக் கண்ணாடியால் மேலிருந்து பார்த்தால் அடிப்பக்க விளிம்புகள் இரட்டையாகத் தெரியும், வைரத்தில் அப்படித் தெரியாது. ஒரு குறையும் சொல்ல வேணும்: விளிம்பு உடையக்கூடியது. தோட்டுக்கும் பதக்கத்துக்கும் சரி, நாளாந்தம் சட்டி கழுவுகிற கை மோதிரத்துக்குச் சரிவராது. மோதிரத்துக்கு வெள்ளைப் புஷ்பராகம் எடுக்கலாம். கடினத்தில் வைரத்துக்கு 10 எண்டால் அதுக்கு 9. வைரமளவு மினுங்காது, எண்ணெய் பிடிச்சால் மங்கிப் போகும், அடிக்கடி கழுவ வேணும். இரத்தினபுரிக்கோ பேருவளைச் சீனக்கோட்டைக்கோ போனால் கல்லைத் தனியாக வாங்கி, ஊர்த் தட்டாரிடம் கட்டக் கொடுக்கலாம். பேருவளையில் தமிழிலேயே விலை பேசலாம்.

எங்கை வாங்கினாலும் ஒரு விசயத்தில் விட்டுக்கொடுக்காதேங்கோ. போன மாதம் எங்களில் மூண்டு பேர் கொழும்பில் ஒரு கடைக்குப் போனோம். மோதிரத்தைக் காட்டி வாயால் டயமண்ட் எண்டார்கள். ஒரு பேனா மாதிரிச் சாமானைக் கல்லில் வைத்துச் சத்தம் எழுப்பியும் காட்டினார்கள். அந்தச் சாதாரண சூட்டுப் பேனா மொய்சனைற்றையும் வைரம் எண்டுதான் சொல்லும். நாங்கள் பில்லைக் கேட்டோம். பில்லில் இருந்தது "கல் 1" மட்டும். என்ன கல்லு, ஆய்வுகூடமோ இயற்கையோ, எத்தனை கரட் எண்டு எழுதித் தாங்கோ, தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் பரிசோதிக்கப் போறம் எண்டு சொன்னோம். முதலாளி மோதிரத்தைத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்தார். நம்பிக்கை இல்லாட்டி ஏன் பிள்ளையள் வாறியள் எண்டு கேட்டார். நாங்கள் குடிச்ச சோடாவுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தோம்.