காடு வேணும், தோட்டக்காடு வேண்டாமோ?

யாழ்ப்பாணத்தில மலையும் இல்லை, ஆறும் இல்லை. மாரி பெய்தால் வழுக்கையாறு கொஞ்ச நாள் ஓடும். தொண்டைமானாறு பெயருக்குத்தான் ஆறு, உள்ளுக்குள்ள உப்புத் தண்ணி. சுண்ணாம்புக் கல்லுக்கு மேல வளர்ந்த பிள்ளைகளுக்கு அருவியும் பனியும் பார்க்க ஆசை வாறது நியாயம். பரீட்சை முடிஞ்ச கையோட காசு சேர்த்து, வான் பிடிச்சு, ஏ9 வீதியால இறங்கி, கித்துல்கலைக்கோ பெலிஹுல்ஓயாவுக்கோ மீமுரேக்கோ 'கேம்பிங்' போற ஆக்களைப் பார்த்து நாங்கள் பொறாமைப்படவும் இல்லை, புத்தி சொல்லவும் வரேல்லை. ஆற்றங்கரையில கூடாரம் அடிக்கலாம். நெருப்பு மூட்டிக் கோழி சுடலாம். விடிய விடியப் பாடலாம். ஒருத்தருக்கும் அதால நட்டமில்லை.

எங்கட பிரச்சினை வேற. அங்க எடுத்த படத்துக்குக் கீழ 'மனுசரே இல்லாத சொர்க்கம்' என்று எழுதின அதே ஆள், அடுத்த கிழமை கன்ரீனில இருந்து கொண்டு, ஹட்டனில இருந்து வந்து படிக்கிற பெடியனைப் பற்றி, "அவன் தோட்டக்காட்டான் மச்சான்" என்று சிரிக்கிறான். காட்டில ஒரு இரவு படுக்கக் காசு குடுக்கிறவன், காட்டில பிறந்தவனென்று இன்னொருத்தனை இளக்காரம் செய்யிறான். இந்த ரெண்டு வசனமும் ஒரே வாயில இருக்கக் கூடாது. நாங்கள் சொல்ல வாறது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதுக்கான விளக்கம்.

முதல்ல அந்தச் சொல்லைப் பார்ப்பம். எங்கட ஊரில செம்பாட்டு மண்ணில வெங்காயமும் புகையிலையும் செய்யிறவர் 'தோட்டம் செய்யிறார்'. அது மரியாதையான சொல். அவர் கமக்காரர். மலையில தேயிலைத் தோட்டத்தில வேலை செய்யிறவருக்கு மட்டும் அதே தோட்டத்தோட ஒரு காட்டையும் ஒட்டி, கடைசியில ஒரு 'ஆனை'யும் போட்டு விடுறம். வேலை ஒன்று, மண் ஒன்று, வியர்வை ஒன்று. ஆளைப் பார்த்துத்தான் சொல் மாறுது. பேச்சு வழக்கு என்று தட்டிக் கழிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி: அந்தச் சொல்லை அந்தப் பெடியனுக்கு முன்னால, அவன்ட அம்மா கூட நிக்கேக்க, சொல்லுவீங்களோ? சொல்ல மாட்டீங்கள் என்றால் அது வசை என்று உங்களுக்கே தெரியும்.

இனி, 'மனுசரே இல்லாத' என்ற பொய்யைப் பார்ப்பம். கித்துல்கலையில நீங்கள் கால் நனைக்கிறது களனி கங்கை. அது எங்கிருந்து வருது? மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மேல ஒன்றாகிக் களனியாகுது. ரெண்டும் தேயிலை மலைகளுக்குள்ளால வாற தண்ணி. மஸ்கெலியா ஓயாவை மறிச்சு மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டினபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணிக்குள்ள போனது. கோடையில நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலின் மிச்சம் இன்றைக்கும் வெளியில தெரியும். அந்த ஓயாக்களின் கரையில லயங்கள் இருக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள்ள ரெண்டு மூன்று தலைமுறை ஒன்றாகப் படுக்குது. மலையில எத்தினையோ தோட்டங்களில சனம் குடிக்கிறதும் குளிக்கிறதும் ஓடையில இருந்து குழாய் போட்டு எடுத்த பீலித் தண்ணியில. மேட்டில கூடாரம் அடிச்சு, ஓடைக்குள்ள இறங்கி சம்பு போட்டுக் குளிச்சு, போத்தலையும் பிளாஸ்டிக் தட்டையும் கல்லுக்கு இடையில செருகி விட்டு வந்தால், அது பள்ளத்தில ஒரு வீட்டுக் குடத்துக்குள்ளதான் போகும். 'மனுசரே இல்லாத இடம்' என்று நினைக்கிறவனுக்குத்தான் அப்படிச் செய்ய மனம் வரும்.

கித்துல்கலைக்குப் போறவர்கள் இன்னொரு பெருமையும் சொல்லுவினம்: 1957-இல வந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படம் எடுத்த இடம் அது. டேவிட் லீன் இயக்கி, 7 ஒஸ்கார் வாங்கின படம். சரி, அது எதைப் பற்றின படம்? இரண்டாம் உலகப் போரில ஜப்பானியர் சயாமில இருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை. படத்தில பாலம் கட்டுறவர்கள் பிரித்தானியப் போர்க் கைதிகள். உண்மையில அந்தப் பாதையில செத்தவர்களில் பெரும்பாலானோர் ஆசியத் தொழிலாளர். அவர்களில் மலாயா றப்பர் தோட்டங்களில இருந்து கொண்டு போகப்பட்ட தமிழர் பல்லாயிரம் பேர். அதைச் சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர் இன்றைக்கும் சொல்லுவினம். படத்தில அந்தத் தமிழர் இல்லை. மலாயாத் தோட்டத் தமிழரை மறைச்ச படத்தை, இலங்கைத் தோட்டத் தமிழர் வாழுற மலையின் அடிவாரத்தில எடுத்தார்கள். எழுபது வருசம் கழிச்சு அதே கரையில செல்ஃபி எடுக்கிற நாங்களும் படச்சட்டத்துக்கு வெளியிலதான் அந்தச் சனத்தை நிறுத்த வேணுமோ?

'இயற்கை' என்று சொல்லுறீங்களே, அதிலயும் ஒரு கணக்கு இருக்கு. மலைக் காட்டின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில கோப்பிக்காக வெட்டி எரிக்கப்பட்டது. 1869-இல கோப்பி இலையில நோய் கண்டது. 1867-இல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில தொடங்கி வைச்ச தேயிலை அந்த இடத்தைப் பிடிச்சது. காட்டை வெட்டினதும், கல்லுப் புரட்டினதும், ரோட்டும் ரயில் பாதையும் போட்டதும் தமிழ்நாட்டில இருந்து கங்காணிமார் கூட்டி வந்த சனத்தின் கை. மன்னார்க் கரையில இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால மாத்தளைக்கு நடந்தவர்கள். நடையிலயே பசியாலயும் கொலராவாலயும் செத்து விழுந்தவர்கள் எத்தினையோ பேர். அந்த நடையை நினைச்சு, 200 வருசம் ஆனதையொட்டி, 2023 யூலை இறுதியில தலைமன்னாரில தொடங்கி மாத்தளை வரைக்கும் மலையகத் தமிழர் நடந்தார்கள். நீங்கள் வானில ஏசி போட்டுக் கொண்டு போன தூரம் அது.

'காம்ப்' என்ற சொல்லையும் விட ஏலாது. எங்கட வீட்டுப் பெரியாக்களுக்குக் காம்ப் என்றால் ஒன்று ஆமிக் காம்ப், மற்றது அகதிக் காம்ப். 2009-இல செட்டிகுளம் மெனிக் பாமில கூடாரத்துக்குள்ள வெயிலையும் மழையையும் கண்ட அம்மாமார், "காசு குடுத்து ஏன் பிள்ளை ரென்டுக்குள்ள படுக்கிறியள்?" என்று கேட்கேக்க எங்களுக்குச் சிரிப்பு வருது, அவைக்கு வாறதில்லை. இதுக்கும் முந்தின ஒரு காம்ப் இருக்கு: மண்டபம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்ப முதல் நோய் பார்த்து மறிச்சு வைச்ச இடம் அது. பிறகு, இலங்கையில இருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் போய் இறங்கின இடம். அதுக்குப் பிறகு, போருக்குத் தப்பி வள்ளத்தில போன எங்கட வடக்குச் சனம் அடைக்கலம் கேட்டு நின்ற இடமும் அதே மண்டபம்தான். காம்ப் என்று பார்த்தால் நாங்களும் மலையகச் சனமும் ஒரே கதவால போய் வந்த ஆக்கள். இதுக்குள்ள யார் காட்டான், யார் நாட்டான்?

திருப்பி அனுப்பப்பட்ட கதையில யாழ்ப்பாணத்துக்கும் பங்கு உண்டு. 1946 குடிசன மதிப்பீட்டில 'இந்தியத் தமிழர்' 11.7 வீதம், 'இலங்கைத் தமிழர்' 11 வீதம். அதாவது சுதந்திரத்துக்கு முன்னம் எங்களைவிட அவர்கள் கொஞ்சம் கூட. 1948-இல குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்துக்கு, வடக்கில இருந்து போன தமிழ்த் தலைமையில ஒரு பகுதி கை உயர்த்தியது. எதிர்த்து வெளிய வந்தவர்கள் 1949-இல தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். அந்த ரெண்டாவது பகுதியை நாங்கள் மேடையில சொல்லுறம், முதலாவதைச் சொல்லுறதில்லை. 1964-இல சிறிமாவும் சாஸ்திரியும் உக்காந்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்பம் என்று சந்தையில பங்கு பிரிக்கிற மாதிரிப் பிரிச்சார்கள். 2012 கணக்கில அவர்கள் 4 வீதம் அளவுதான்.

கலவரத்துக்குப் பயந்து வடக்குக்கு ஓடி வந்தவர்களுக்கு என்ன நடந்தது? 1977-க்குப் பிறகு வன்னியில குடியேறினவர்களுக்குக் காந்தியம் மாதிரியான அமைப்புகள் கை குடுத்தன. அதை நடத்தின வைத்தியர் இராஜசுந்தரம் 1983 யூலையில வெலிக்கடைச் சிறையில கொல்லப்பட்டார். அது எங்கட வரலாற்றின் நல்ல பக்கம். மற்றப் பக்கத்தில, அதே சனம் வன்னியில காணிகாரரின் வயலில கூலியாய் நின்றது, அவையின்ட பிள்ளைகள் யாழ்ப்பாணத்து வீடுகளில பாத்திரம் கழுவிச்சினம். 2009-இல முள்ளிவாய்க்காலுக்குள்ள அகப்பட்டதில மலையக வம்சாவளிச் சனமும் இருந்தது. சாகேக்க ஒருத்தரும் அவர்களைத் தோட்டக்காட்டார் என்று பிரிச்சு எண்ணேல்லை.

"சும்மா ஒரு ரிப் போறதுக்கும் அரசியலோ?" என்று கேட்பீங்கள். எங்கட கடற்கரையில தெற்கில இருந்து பஸ் பஸ்ஸாய் வந்து, எங்கட இடிஞ்ச வீட்டுக்கு முன்னால நின்று படம் எடுத்துக் கொண்டு போகேக்க நாங்கள் என்ன கதைச்சம்? "இஞ்ச சனம் செத்த இடம், இவைக்கு இது காட்சியோ" என்று கேட்டம். சரியான கேள்வி. அந்தக் கேள்வியை வடக்கில மட்டும் கேட்டுவிட்டு மலையில ஏறேக்க வானுக்குள்ள வைச்சிட்டுப் போக ஏலாது. 2014 ஒக்டோபர் 29 காலமை கொஸ்லந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயத்தோட சனத்தை மூடியது. அது ஆபத்தான இடம் என்று முதலே எச்சரிச்சிருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில டித்வா புயல் வந்தபோதும் மண்சரிவில கனக்க அடி வாங்கினது மலைநாடு. நீங்கள் 'பனி மூட்டம், செம வியூ' என்று எழுதுற அதே சரிவில ஒரு தாய் மழைச் சத்தம் கேட்டுப் பிள்ளைகளை எழுப்பிக் கொண்டு இருக்கிறா.

"எங்களுக்கே ஆயிரம் பிரச்சினை, இதில அவையின்ட பிரச்சினையுமோ?" என்று இன்னொரு கேள்வி. எங்கட பிரச்சினைக்கு உலகம் முழுக்கக் கதவு தட்டுறம். பக்கத்து மலையில இருக்கிறவன்ட கதவைத் தட்டாமல் ஜெனீவாக் கதவைத் தட்டுறது என்ன நியாயம்? நாட்சம்பளம் 1000 ரூபா வேணும் என்று அவர்கள் வருசக் கணக்காய் ரோட்டில நின்றார்கள். 2021-இலதான் அது வர்த்தமானியில வந்தது. 2024-இல அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா ஆனது. ஒரு இரவுக் கூடாரத்துக்கு நீங்கள் தலைக்குக் குடுத்த காசைப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. வீடு கட்ட 7 பேர்ச் காணி கேட்டு அலையுற சனத்தின் மண்ணில, துரைமார் இருந்த பங்களாக்கள் விடுதியாய் மாறி வாடகைக்குப் போகுது. இது காணிப் பிரச்சினை இல்லாமல் வேற என்ன? காணிப் பிரச்சினை எங்களுக்குத் தெரியாத விசயமோ?

மலைக்குப் போகாதேங்கோ என்று நாங்கள் சொல்லேல்லை. கட்டாயம் போங்கோ. வகுப்பில இருக்கிற மலையகப் பிள்ளையிட்டப் போக முதல் கேளுங்கோ, எங்க போகலாம், யாரைப் பார்க்கலாம் என்று. பேர் பெற்ற தோட்டங்களின் ஆங்கிலப் பெயருக்குப் பின்னால சனம் வைச்ச தமிழ்ப் பெயர் இருக்கும், அதைக் கேட்டுப் பழகுங்கோ. கொழுந்து எடுக்கிற அக்காவிட்டக் கேளாமல் கமராவைத் தூக்காதேங்கோ. லயத்துப் பிள்ளைகள் உங்கட ரீல்ஸுக்குப் பின்னணி இல்லை. ஓடையில சம்பு போடாதேங்கோ, கொண்டு போன குப்பையைத் திருப்பிக் கொண்டு வாங்கோ. சாப்பாட்டை ஹட்டனிலயோ பண்டாரவளையிலயோ ஒரு சின்னக் கடையில வாங்குங்கோ. வானுக்குள்ள போற நேரத்தில சி.வி. வேலுப்பிள்ளையை, தெளிவத்தை ஜோசப்பை, கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யை வாசியுங்கோ. அந்தத் தலைப்பு உங்கட படங்களுக்கும் பொருந்தும்: தூரத்தில நின்று பார்த்தால் எல்லாம் பச்சைதான்.

இதெல்லாம் மலையில செய்ய வேண்டியது. கஷ்டமான வேலை இஞ்ச ஊரில இருக்கு. மலையகப் பிள்ளைக்கு அறை வாடகைக்குக் குடுக்க மாட்டம் என்று சொல்லுற வீட்டுக்காரரோட சண்டை பிடிக்க வேணும். கலியாணப் பேச்சில "அவை மலைநாட்டு ஆக்களாம்" என்று குரலைத் தாழ்த்துற பெரியம்மாவை இடைமறிக்க வேணும். கிளிநொச்சியில இன்னும் காணி உறுதி இல்லாமல் இருக்கிற குடும்பங்களுக்காக, எங்கட காணிக்காகக் கத்துற அதே சத்தத்தில கத்த வேணும். கன்ரீனில அந்தச் சொல் விழுந்தால், சிரிச்சுச் சமாளிக்காமல், சொன்னவனைச் சொன்ன இடத்திலயே நிப்பாட்ட வேணும்.

அடுத்த லீவுக்கு வான் புக் பண்ண முதல் அந்தச் சொல்லை விட்டுப் போட்டு வாங்கோ. அதை வாயில வைச்சுக் கொண்டு மலையேறுறவருக்கு அந்த ஆற்றங்கரையில கூடாரம் அடிக்க என்ன உரிமை இருக்கு என்று நாங்கள் கேட்டுக் கொண்டே இருப்பம்.