மலை முன்கூட்டிச் சொல்கிறது. லயத்துக்குச் சேதி வருகிறதா?

ஆராய்ச்சி என்றாலே பெங்களூரும் பம்பாயும் நினைவுக்கு வருவது வழக்கம். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் மூணாறு மலையும் அதன் சுற்று வட்டாரமும் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடமாகவே மாறியிருக்கின்றன. மண் எப்போது சரியும் என்று பொறியியல் நிபுணர்கள் பூமிக்குள் கருவிகளைப் புதைத்துப் பார்க்கிறார்கள். யானை எந்த வழியில் வரும், ஏன் வரும் என்று வனவிலங்கு ஆய்வாளர்கள் வருஷக் கணக்கில் பின்தொடர்கிறார்கள். இத்தனையும் நடப்பது நம்மவர்கள் கொழுந்தெடுக்கும் சரிவுகளில். பலன் மட்டும் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

2005 ஜூலையில் மூணாறு அந்தோணியார் காலனியில் மண் சரிந்து 8 பேர் மாண்டது பலருக்கு நினைவிருக்கும். அதே காலனியைத்தான் பிறகு அமிர்தா பல்கலைக் கழகத்தார் தங்கள் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தனர். பேராசிரியை மனீஷா ரமேஷ் தலைமையிலான குழு, ஐரோப்பிய நாடுகளின் உதவியோடு, 2008 வாக்கில் சரிவில் ஆழமாகத் துளையிட்டு உணர்கருவிகளை இறக்கியது. கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இக்கருவிகளின் கணக்கு, செயற்கைக் கோள் வழியாகக் கொல்லம் மாவட்டத்திலுள்ள அமிர்தபுரிக்குப் போய்ச் சேருகிறது. இந்தியாவில் இவ்வகை முயற்சிகளில் இது முன்னோடி. பின்னர் சிக்கிமிலும் இதே முறையில் கருவிகள் அமைக்கப்பட்டன.

இதன் பின்னுள்ள பௌதிகம் கடினமானதல்ல. சரிவில் மண் தங்கி நிற்பது, துகளோடு துகள் உராய்ந்து பற்றிக்கொண்டிருப்பதால். மழை நீர் இறங்க இறங்க, துகள்களுக்கு இடையே உள்ள சந்துகள் நிரம்புகின்றன. அடியில் கெட்டிப் பாறை. நீர் மேற்கொண்டு போக வழியில்லை. தேங்கிய நீர் துகள்களை ஒன்றைவிட்டு ஒன்றாகத் தள்ளத் தொடங்குகிறது. பிடி தளர்ந்ததும் பாறையின் மேல் மண் முழுதும் வழுக்கி இறங்குகிறது. அந்த நீரின் அழுத்தத்தை அளப்பது பீசோமீட்டர் என்ற கருவி. மண்ணின் சாய்வை ஒன்றும், நில அதிர்வை ஜியோபோன் என்ற இன்னொன்றும் கவனிக்கின்றன. மழை மிகுந்தால் முதல் எச்சரிக்கை. நீரழுத்தம் ஏறினால் இரண்டாவது. மண் அசையவே தொடங்கினால் மூன்றாவது, அதாவது ஓட வேண்டிய நேரம். 2009 ஜூலையில் முதல் தடவையாக இவ்வாறு எச்சரிக்கை விடப்பட்டது.

பெட்டிமுடியில் அன்று

இந்தக் கருவிகள் ஒரு சரிவைத்தான் காக்கும். 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு 10.45 மணி அளவில் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில் மலை இறங்கியபோது அங்கே எந்தக் கருவியும் இல்லை. நாலு லயங்கள் அடியோடு போயின. 70 பேர் மாண்டனர். சிலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தை பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் ஏற்கெனவே அற்றுப் போயிருந்ததால் விடிந்த பிறகே வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. பெரியவாரையில் தற்காலிகப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. மீட்புப் படையினர் வந்து சேரவும் தாமதம்.

ஒரே நாளில் அங்கு 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது என்று பின்னர் கணக்கு வெளியாயிற்று. சென்னை நகரம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறக்குறைய பாதி, 24 மணி நேரத்தில்! இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? எஸ்டேட் மழைமானியிலிருந்துதான். வெள்ளைக்காரன் காலந்தொட்டு ஒவ்வொரு எஸ்டேட் ஆபீசிலும் காலையில் மழையை அளந்து ரிஜிஸ்தரில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. இதை வாசிக்கும் குமாஸ்தாக்களில் சிலர் அந்த ரிஜிஸ்தரைத் தங்கள் கையாலேயே எழுதியிருப்பார்கள். உரம் போடவும் கொழுந்து வரத்தைக் கணிக்கவும் பயன்பட்ட அந்த எண், லயத்தைக் காலி செய்யவும் பயன்படும் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை. முந்தைய நாட்களிலும் மழை விடாமல் பெய்திருந்தது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெட்டிமுடி என்றதும் குவி என்ற நாயை மறக்க முடியாது. மண் மூடிய இடத்தில் நாள் கணக்காக அலைந்து, ஒரு வாரத்துக்குப் பிறகு ஆற்றோரத்தில் தன் வீட்டுச் சின்னக் குழந்தையின் உடலைக் காட்டிக் கொடுத்தது அது. பிறகு இடுக்கி போலீஸ் நாய்ப் பிரிவு அதைக் கொண்டு போய்ப் பராமரித்தது. அன்றைய இரவுக்கு முன்பே நாய்கள் ஊளையிட்டன என்று சொல்வோர் உண்டு. விலங்குகள் முன்னறிவதை விஞ்ஞானமும் அலட்சியப்படுத்தவில்லை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த மார்ட்டின் விகெல்ஸ்கி, இத்தாலியில் பூகம்பம் நிகழும் பகுதியில் பசு, ஆடு, நாய்களின் உடலில் கருவி கட்டி, அவை பூகம்பத்துக்குச் சில மணி முன்பே அமைதியிழப்பதாக 2020-இல் எழுதினார். இதை ஏற்காத விஞ்ஞானிகள் பலர். நாயின் ஊளையை நம்பி ஊரைக் காலி செய்ய முடியாது. மழைமானியை நம்பிச் செய்யலாம்.

யானை ஆராய்ச்சியில் பக்கத்து மலை

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து மனித உயிரைக் காத்ததற்கு நல்ல உதாரணம் வேண்டுமானால் வால்பாறையைப் பார்க்க வேண்டும். அங்கும் நம்மைப் போலவே தேயிலை. நம்மைப் போலவே லயம். 2002 முதல் ஆனந்த குமாரும் அவர் சார்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினரும் யானைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். அவர்கள் கண்டது சாதாரணமான ஓர் உண்மை. யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர் அது அருகில் நிற்பது தெரியாமலேயே அதன் முன் போய் நின்றவர்கள்! வேலை முடிந்து இருட்டில் நடந்து வந்தவர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்குப் போனவர்கள். துரத்துவதும் பட்டாசு வெடிப்பதும் இந்தச் சாவைத் தடுக்காது. இருக்கும் இடத்தைச் சொன்னால் போதும்.

அதன்படி உள்ளூர் கேபிள் டிவியில் மாலையில் யானை இருக்குமிடம் ஓடியது. பிறகு கைபேசிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறுஞ்செய்தி வந்தது. குறுஞ்செய்தி வாசிக்காதவர்களுக்காக, உயரமான கம்பத்தில் ஒரு சிவப்பு விளக்கு. குறிப்பிட்ட எண்ணுக்கு டெலிபோன் செய்தால் அது எரியும். எரிந்தால் யானை பக்கத்தில் உண்டு என்று பொருள். ஆண்டுக்குச் சராசரியாக 3 பேர் இறந்து வந்த இடத்தில் அது ஒன்றாகக் குறைந்தது. 2015-இல் ஆனந்த குமாருக்கு லண்டனில் விட்லி விருது கிடைத்தது. நம் கண்ணுக்கு விருதைவிடப் பெரிதாகப்படுவது அந்த விளக்கை ஏற்றியவர் யார் என்பது. பல இடங்களில் அது எஸ்டேட் தொழிலாளியே.

மூணாறுக் கதை வேறு மாதிரி. சின்னக்கானல், ஆனயிரங்கல் பக்கம் யானைகள் நடமாடும் காட்டில் 2003 வாக்கில் ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்து 301 காலனி என்று குடியேற்றினார்கள். வந்தவர்களில் பலர் தாக்குப் பிடிக்க முடியாமல் போய்விட்டனர். 2023 ஜனவரியில், யானைகளை விரட்டுவதில் பேர் போன வனக் காவலர் ஒருவரே யானையிடம் உயிரிழந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 29-இல் ரேஷன் கடைகளை உடைத்து வந்த அரிக்கொம்பனை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது ஒரே மாதத்தில் கம்பம் நகரத் தெருவில் வந்து நின்றது. ஜூன் 5-இல் தமிழக வனத்துறை அதை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது. செயற்கைக் கோள் அதன் ஒவ்வொரு அடியையும் காட்டியது உண்மை. ஒரு யானைக்கு இவ்வளவு செய்த இடத்தில், மற்ற யானைகளுக்காக ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு சிவப்பு விளக்கு எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

பாலக்காட்டு வாசகர்களுக்கு வாளையாறு ரயில் பாதை தெரியும். 2021 நவம்பரில் நவக்கரை அருகே மங்களூர் – சென்னை எக்ஸ்பிரஸில் அடிபட்டு மூன்று யானைகள் இறந்தன. அதன் பின் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு மதுக்கரையில் 12 கோபுரங்களில் வெப்பத்தை உணரும் காமிராக்களை வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரயில்வேக்குத் தகவல் போகும்படி செய்தது. சரிவில் புதைக்கும் அதே ஜியோபோனால் யானையின் காலடி அதிர்வைக் கேட்கவும் ஆராய்ச்சியாளர்கள் முயன்றிருக்கிறார்கள். யானையே நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்கிறது என்பது 1984-இல் அமெரிக்கப் பெண்மணி கேட்டி பெய்ன் ஒரு மிருகக்காட்சிச் சாலையில் நின்றபோது கண்டறியத் தொடங்கிய விஷயம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் தேனி பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ துகளை ஆராய 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. தமிழக அரசு எதிர்த்து, விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. அந்தச் சர்ச்சைக்குள் நாம் போகவில்லை. ஆனால் பெரிய ஆராய்ச்சிக்குக் கோடிகள் ஒதுக்க முடிகிற தேசத்தில் மழைமானி என்பது சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பள்ளிக்கூடத்து மழைமானி

வயநாட்டில் ஹியூம் மையம் என்ற அமைப்பு விவசாயிகளையும் தோட்டத்தாரையும் கொண்டு 200-க்கு மேற்பட்ட இடங்களில் அன்றாட மழையைச் சேகரித்து வந்தது. 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலையில் பேரழிவு நேர்வதற்கு முந்தின நாளே அந்த அமைப்பு மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. ஊரைக் காலி செய்யும் அளவுக்கு அது போய்ச் சேரவில்லை. ஆனால் சாதாரண மனிதர்கள் எழுதி வைத்த கணக்கே அபாயத்தைக் காட்டியது.

கேரளக் கல்வித் துறை 200-க்கும் மேற்பட்ட மேல்நிலைப் பள்ளிகளில் வானிலை நிலையங்கள் அமைத்து, பூகோள மாணவர்களே மழையையும் காற்றையும் அளக்கும்படி செய்திருக்கிறது. அருமையான யோசனை. மூணாறு வட்டாரத்துத் தமிழ் வழிப் பள்ளிகளின் கீழ் வகுப்புகளுக்கும் இதைக் கொண்டு வரலாம். இங்குள்ள பையன், புத்தகத்தில் நிலச்சரிவு என்று படிக்கிறான், ஏட்டுச் சுரைக்காய்! அவன் வீட்டுக்குப் பின்னால் சரிவில் விரிசல் விட்டால், புதிதாக ஊற்று கிளம்பினால், ஓடை நீர் திடீரெனக் கலங்கினால் என்ன பொருள் என்று எந்தப் பாடமும் சொல்வதில்லை. அவன் மூலம் தகப்பனுக்கும் பாட்டிக்கும் அது போய்ச் சேரும். இந்த அடையாளங்களைக் கண்டு ஜனங்களை அகற்றியதால் என்ன பலன் என்பதற்கு அடிமாலி கூம்பன்பாறை சாட்சி. 2025 அக்டோபர் 25-இல் மலை சரிவதற்குச் சில மணி நேரம் முன்பே 22 குடும்பங்கள் முகாமுக்கு மாற்றப்பட்டன. வீட்டுக்குத் திரும்பிப் போன தம்பதியில் கணவர் மட்டும் உயிரிழந்தார், மற்றவர்கள் தப்பினர்.

மொழிப் பிரச்னையும் இருக்கிறது. 2025 ஜனவரியில் கேரள அரசு 'கவசம்' என்ற பெயரில் சைரன் வைத்து எச்சரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சைரனுக்கு மொழி தேவையில்லை. அதன் பின் வரும் விளக்கத்துக்குத் தேவை. மலையாளம் பேச நம்மவர்களுக்குச் சிரமமில்லை. ஆனால் எழுத்தைப் படிக்கத் தெரியாத மூத்த தொழிலாளிகள் லயந்தோறும் இருக்கிறார்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் உரிமை தருகிறது. மனு எழுதும் கடிதத்துக்கு உள்ள உரிமை, உயிர் காக்கும் எச்சரிக்கைக்கு இல்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல மாட்டார். கேட்பவர் வேண்டும்.

எச்சரிக்கை பொய்த்துப் போகும் நாட்களும் வரும். மூன்று தடவை மூட்டை கட்டி இறங்கி, ஒன்றும் நடக்காமல் திரும்பினால் நாலாவது தடவை ஜனங்கள் நகர மாட்டார்கள். ஆகவே இறங்கியிருக்கும் நாளுக்குப் பேர் போடுவது, சாப்பாடு, மாடு கன்றுக்கு இடம் ஆகியவற்றை முன்கூட்டியே கம்பெனியும் சங்கங்களும் பேசி முடிக்க வேண்டும். சம்பளம் போகும் என்ற பயம் இருக்கும் வரை எந்தக் கருவியும் தொழிலாளியை வீட்டிலிருந்து கிளப்பாது.

இதில் ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981-இல் சேர்க்கப்பட்ட விதியின்படி, நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். இயற்கைச் சீற்றத்தால் மட்டும் இடிந்திருந்தால் பொறுப்பில்லை. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே வாசகம் தொடர்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளது. மழைமானி காட்டிய அளவு ரிஜிஸ்தரில் இருக்கிறது, சரிவு அபாயமானது என்று வரைபடம் சொல்கிறது, முதல் எச்சரிக்கையும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னும் லயத்தில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்து மண் விழுந்தால், அது முழுதும் இயற்கைச் சீற்றமா? தொழிற்சங்க வக்கீல்கள் இந்தக் கேள்வியை அடுத்த இடவப்பாதிக்கு முன் எழுப்பினால், எஸ்டேட் ஆபீஸ் மழை ரிஜிஸ்தருக்கு ஒரு புது மதிப்பு வந்துவிடும்.