கரைகிட்ட வந்தா ரேடார் தடுமாறுது!

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இந்த வருஷமும் ஸ்மார்ட் டஸ்ட்பின்தானா? ஈசிஇ மக்களே, உங்ககிட்டதான் கேட்கிறேன். ரேடார் ஈக்வேஷனை மனப்பாடம் பண்ணி பதிமூணு மார்க் வாங்கினோமே, அதே ரேடார் 1336 கி.மீ. உயரத்துல இருந்து கடல்மட்டத்தை சென்டிமீட்டர் கணக்கில் அளக்குதுன்னு யாராவது கிளாஸ்ல சொன்னாங்களா?

1992-ல் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய டோபெக்ஸ்/பொசைடன்தான் இதுக்குப் பெரியண்ணன். அப்புறம் ஜேசன் வரிசை, 2020-ல் சென்டினல்-6. வேலை என்னவோ சிம்பிள்தான்: நேர் கீழே ஒரு பல்ஸ் அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கணும். போய் வர சுமார் 9 மில்லி செகண்ட். ஆனா 1 செ.மீ. வித்தியாசம் தெரியணும்னா சுமார் 67 பிக்கோ செகண்டைப் பிடிக்கணும். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, தலை சுத்தும்! இதுக்கு நடுவுல காற்று வேற சிக்னலைத் தாமதப்படுத்தி 2 மீட்டருக்கு மேல் பிழை காட்டும். அதையும் நீராவியோட பங்கையும் கழிச்ச பிறகுதான், 1993-லிருந்து உலகக் கடல்மட்டம் சுமார் 10 செ.மீ. ஏறியிருக்குன்னு சொல்றாங்க. அவ்வளவு மேல இருந்து மில்லிமீட்டர் அளக்கிறதெல்லாம் கப்சான்னு வாட்ஸ்அப்ல சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை: அது ஒரே பல்ஸ்ல வர்ற துல்லியம் இல்லை, கோடிக்கணக்கான பல்ஸ்களோட சராசரி. துறைமுகங்கள்ல இருக்கிற அலைமானிகளோடவும் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறாங்க.

2004 சுனாமி அன்னிக்கு, நிலநடுக்கம் நடந்து சுமார் 2 மணி நேரத்துல ஜேசன்-1 வங்கக்கடல் மேல போச்சு. நடுக்கடல்ல அலையோட உயரம் சுமார் 60 செ.மீ.தான். அதையும் அது பதிவு பண்ணிடுச்சு. டேட்டா உடனே கைக்கு வராததால எச்சரிக்கைக்கு உதவலை.

என் கோபம் வேற இடத்துல. ரேடார் கடல்ல பார்க்கிற வட்டம் சில கி.மீ. அகலம். கரை நெருங்கினா நிலத்தோட எக்கோவும் கலந்து அளவு கெட்டுப்போகுது. நடுக்கடல் தெளிவாத் தெரியுது. மக்கள் வாழ்ற எண்ணூர், கடலூர் பக்கம்தான் மங்கல். 2013-ல் ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன சரல், கேஏ பேண்ட்ல வட்டத்தைச் சின்னதாக்கி கரைக்கு இன்னும் பக்கத்துல வந்தது. ஆனா மழை பெஞ்சா அதோட சிக்னல் தேஞ்சுடும். நம்ம ஐப்பசி கார்த்திகையில என்ன பண்றது?

கெட்டுப்போன எக்கோவுல இருந்து சரியான உயரத்தை மீட்கிற வேலைக்கு ரிட்ராக்கிங்னு பேரு. சுத்தமான சிக்னல் பிராசசிங், நம்ம சிலபஸ்தான். டேட்டா இலவசம், ஒரு அக்கவுண்ட் போதும். காசு கொடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கப்போற டீம் யாராவது இருந்தா, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஃபைலை இறக்கி பைத்தான்ல ப்ளாட் பண்ணிப் பாருங்க.