பகைவரை வென்றார், பகையை வென்றாரில்லை!

அயலானை நாட்டைவிட்டு ஓட்டுவது ஒரு வினை. ஓட்டிய பின்னர் ஒருவரையொருவர் நம்பித் தம் நாட்டைத் தாமே ஆள்வது வேறொரு வினை. முன்னதற்கு வேண்டுவது மறம். பின்னதற்கு வேண்டுவன அறிவும் அடக்கமும். முதல் வினையை முடித்தோர் உலகில் பலர். இரண்டாம் வினையில் வென்றோர் சிலரே. இவ்வுண்மைக்கு ஆப்கானித்தானைப் போலக் குருதி தோய்ந்த சான்று பிறிதொன்றைக் காண்டல் அரிது.

1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், சோவியத்துப் படைத்தலைவர் போரிசு குரோமோவு ஆமு ஆற்றுப் பாலத்தைக் கடந்து தம் நாட்டு மண்ணில் கால்வைத்தார். ஒன்பதாண்டுகளுக்கு மேலாக அம்மலைநாட்டை அடக்க முயன்று, தன் மறவருள் பதினாலாயிரவர்க்கு மேற்பட்டோரைச் சாகக் கொடுத்த ஒரு வல்லரசு, அன்று வெறுங்கையுடன் திரும்பிற்று. உழவரும் இடையரும் பள்ளியாசிரியரும் மாணவரும் துமுக்கி ஏந்தி ஒரு பேரரசை மலையிடுக்குகளில் தடுத்து நிறுத்தியதைக் கண்டு உலகம் வியந்தது. ஆயின், அதே போராளிகளின் தலைவர்கள் மூன்றாண்டு கழித்துக் காபூல் நகருள் நுழைந்த பின், சோவியத்துப் படை அந்நகருக்குச் செய்யாத அழிவைத் தாமே செய்து முடித்தனர்! அயலான் காலத்தில் பெரும்பாலும் நின்ற மாடங்கள், தம்மவர் காலத்தில் தரைமட்டமாயின.

இதற்குக் கரணியம் யாது? மலைவாழ் குடிகள் முரடர் என்றும், அவர்க்கு ஆளத் தெரியாது என்றும் மேலை நாட்டார் எளிதாகச் சொல்லிவிட்டனர். அஃது ஆளவந்த அயலானின் பழைய பாட்டு. ஒரு மக்களின் பிறவியியல்பைப் பழித்துவிட்டால், அம்மக்களின் தலைவர்கள் செய்த பிழையையும், அப்பிழையைக் காசு கொடுத்து வளர்த்த வல்லரசுகளின் பங்கையும் ஆராய வேண்டிய தேவை இல்லாமற் போகிறதன்றோ? பழிப்பது எளிது; ஆராய்வதே அறிவுடையார் கடன்.

முதற்கண் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அயலான் தானாக வரவில்லை. உட்பகைதான் அவனுக்கு வாயில் திறந்தது. 1933 முதல் நாற்பதாண்டுகள் அரசாண்ட சாகிர் சா வெளிநாட்டில் இருந்தபொழுது, 1973 சூலை 17-இல் அவர்தம் நெருங்கிய உறவினர் தாவூது கான் ஆட்சியைக் கவர்ந்தார். 1978 ஏப்பிரல் 27-இல் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்த படையலுவலர்கள் கிளர்ந்தெழுந்து, தாவூதைக் குடும்பத்தோடு கொன்றொழித்தனர். அக்கட்சியோ ‘கல்க்கு’ என்றும் ‘பர்ச்சம்’ என்றும் இரு பிரிவாய்ப் பிளந்து கிடந்தது. கல்க்குப் பிரிவினர் பர்ச்சம் பிரிவினரைச் சிறைக்கும் வெளிநாட்டுத் தூதகங்களுக்கும் துரத்தினர். பின்னர்க் கல்க்குப் பிரிவுக்குள்ளேயே தராக்கியும் அமீனும் மோதினர். 1979 அக்தோபரில் அமீனின் ஆணையால் தராக்கி கொல்லப்பட்டார். திசம்பர் 27-இல் சோவியத்துப் படையினர் அமீனைக் கொன்று, பர்ச்சம் பிரிவின் கார்மலை ஆட்சிக்கட்டிலில் அமர்த்தினர். இருபது திங்களுக்குள் நாட்டின் தலைவர் மூவர் கொலையுண்டனர். தம்முள் ஒருவரையொருவர் பொறுக்கமாட்டாதவர் நடத்திய ஆட்சி, இறுதியில் அயலான் படையின் காலடியில் போய் விழுந்தது.

மக்களின் எதிர்ப்போ அயலான் படை வருமுன்னரே எழுந்துவிட்டது. 1979 மார்ச்சில் ஏராத்து நகரம் கிளர்ந்தெழுந்தது. அங்கிருந்த அரசுப் படையினருள் ஒருசாரார் மக்களோடு சேர்ந்துகொண்டனர். அவருள் ஒருவராகிய இசுமாயில் கான், பின்னாளில் மேற்குப் பகுதியின் பெயர்பெற்ற படைத்தலைவரானார். இவ்வெழுச்சி எவர் காசுக்கும் விலைபோய் எழுந்ததன்று. தன் ஊரையும் உழவையும் வழிபாட்டையும் காக்க எழுந்தது.

ஆயின், எழுச்சி மக்களுடையதாக இருக்க, அதன் தலைமை எல்லைக்கு அப்பால் பாக்கித்தானின் பெசாவர் நகரில் குடியேறியது. எக்மத்தியார், இரப்பானி, காலிசு, சய்யாபு, நபி முகம்மதி, முசத்தித்தி, கைலானி என எழுவர் தலைமையில் ஏழு கட்சிகள் அங்கே ஏற்பிசைவு பெற்றன. பணம் அமெரிக்காவுடையதும் சவுதி அரேபியாவுடையதும். அப்பணத்தில் வந்த படைக்கலங்களை இன்னார்க்கு இவ்வளவு என்று பங்கிட்டதோ பாக்கித்தானின் படைத்துறை உளவமைப்பு. பங்கீட்டில் பெரும்பகுதி எக்மத்தியாருக்கே சென்றது. ஏதிலிகளாய் அங்கே அடைந்த எளிய மக்களும் உணவும் கூடாரமும் பெறவேண்டுமாயின், ஏழனுள் ஒரு கட்சியில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. பசித்த வயிற்றுக்குச் சோறும், போராடும் கைக்குத் துமுக்கியும் ஒரே வாயில் வழியாக வந்தால், அவ்வாயிலைக் காப்பவன் சொல்வதே அரசியல் ஆகிவிடும்.

துணை பெறாமல் ஒரு வல்லரசை எதிர்த்தல் இயலுமா என்று கேட்பார் உளர். கேள்வி பொருளுடையதே. 1986-இல் வானூர்திகளைத் தோளிலிருந்து சுட்டு வீழ்த்தும் அமெரிக்க ஏவுகணைகள் வந்த பின், போரின் போக்கு ஓரளவு மாறியதும் உண்மையே. துணை பெறுவது குற்றமன்று. துணை கொடுப்பவனே தலைவனையும் தேர்ந்து கொடுக்க இசைவதுதான் குற்றம். படைக்கலத்தோடு தலைமையும் அயலான் கையிலிருந்து இறங்கினால், அத்தலைமை மக்களுக்குக் கணக்குக் காட்டவேண்டிய தேவையின்றி, கொடுத்தவனுக்கே கணக்குக் காட்டும்.

இருவர்தம் வாழ்வை ஒப்பிட்டு நோக்கினால் இது விளங்கும். எக்மத்தியாரும் அகமது சா மசூதும் காபூலில் பொறியியல் பயிலப் புகுந்த மாணவர்கள். ஒரே சமய இயக்கத்தில் வளர்ந்தவர்கள். தாவூதின் ஆட்சியை எதிர்த்து 1975-இல் எழுந்து தோற்ற கிளர்ச்சியின் பங்காளிகள். எக்மத்தியார் பெசாவரில் இருந்து கட்டுக்கோப்பான கட்சியை நடத்தினார். மசூது தம் பிறந்த மண்ணாகிய பஞ்சுசீர்ப் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு, சோவியத்துப் படையின் தாக்குதல்களை மீண்டும் மீண்டும் தாங்கி நின்றார். வடபகுதிப் படைத்தலைவர்களை ஓர் அவையாக இணைத்தார். இருவர்க்கும் பகைவன் ஒருவனே. எனினும், 1983-இல் மசூது சோவியத்துப் படையோடு செய்துகொண்ட போர் நிறுத்தம் எக்மத்தியார் தரப்புக்குக் குறைகூறும் கருவியாயிற்று. 1989 சூலையில், சோவியத்துப் படை வெளியேறி ஐந்து திங்களே ஆன நிலையில், எக்மத்தியார் கட்சிப் படைத்தலைவர் ஒருவரின் ஆள்கள் மசூதின் படைத்தலைவர்களையும் மறவர்களையும் வழிமறித்து, முப்பதின்மர் அளவினரைக் கொன்றனர். பொதுப்பகைவன் அமர்த்திய நசீபுல்லா அப்பொழுதும் காபூலில் ஆண்டுகொண்டிருந்தார் என்பதை மறத்தல் கூடாது!

நசீபுல்லாவின் ஆட்சி சில கிழமைகளில் சாயும் என்றே பலரும் கணித்திருந்தனர். ஆயினும் 1989 மார்ச்சில் சலாலாபாத்தைத் தாக்கிய போராளிகள் தோற்றனர். ஆட்சி மூன்றாண்டு நின்றது. சோவியத்து ஒன்றியமே மறைந்து, அங்கிருந்து வந்த பொருள் நின்ற பின்னரே அது சாய்ந்தது. 1992-இன் தொடக்கத்தில் அவ்வாட்சியின் உசுபெக்குப் படைத்தலைவர் தோசுதம் அணிமாற, ஏப்பிரலில் எல்லாம் முடிந்தது. அந்த மூன்றாண்டு, எதிர்த்து நின்ற தலைவர்கள் கூடியிருந்து ஆட்சி முறையை வகுத்துக்கொள்ளக் கிடைத்த அரிய காலம். அக்காலத்தை அவர்கள் வீணாக்கினர். ஏப்பிரல் 24-இல், காபூல் வீழ்கின்ற வேளையில், பெசாவரில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது: முசத்தித்தி இரண்டு திங்கள் தலைவர், அவருக்குப்பின் இரப்பானி நான்கு திங்கள், தலைமையமைச்சர் பொறுப்பு எக்மத்தியார் கட்சிக்கு. வீடு எரியும்பொழுது பாகப்பிரிவினை ஓலை எழுதியதை ஒத்தது அது. எக்மத்தியார் அதை ஏற்கவில்லை.

அதன்பின் நடந்ததை எழுதவும் கை நடுங்கும். 1992 ஆகசுட்டில் எக்மத்தியாரின் எறிகணைகள் காபூல் மீது மழையெனப் பொழிந்து, அத்திங்களில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றன. 1993 பிப்ரவரியில் அப்சார் என்னும் பகுதியில், மசூதின் படையும் சய்யாபின் படையும் நடத்திய தாக்குதலின்போது அசாரா மக்கள் கொலைக்கும் கொள்ளைக்கும் ஆளாயினர். அசாராக்களின் தலைவர் மசாரியின் படையினரும் ஆள் கடத்தலிலும் கொடுமையிலும் பின்தங்கவில்லை. ஆகவே இவர் தூயவர், அவர் தீயவர் என்று ஒரு பக்கமாகத் தீர்ப்புரைத்தல் இயலாது. அதே ஆண்டு மார்ச்சில் இசுலாமாபாத்தில் மற்றோர் உடன்படிக்கை. தலைவர்கள் மெக்காவுக்கே சென்று அதை உறுதி செய்தனர். அவ்வுறுதியும் சில திங்களுக்கு மேல் நிலைக்கவில்லை. இறைவன் திருமுன் கொடுத்த சொல்லையே காவாதவர் வேறெச்சொல்லைக் காப்பர்?

இவ்வழிவுக்கு இன வேற்றுமையே கரணியம் என்பார் கூற்றும் முழு உண்மையன்று. பசுத்தூன், தாசிக்கு, அசாரா, உசுபெக்கு முதலிய இனங்களுக்கிடையே குறை இருந்தது மெய். 1964-ஆம் ஆண்டு அரசியலமைப்பு பசுத்தோ, தாரி ஆகிய இரண்டையும் ஆட்சிமொழிகளாக்கியது. எனினும் எம்மொழி எங்கே முன்னிற்பது என்னும் வழக்கு அதன் பின்னரும் தீரவில்லை. மொழிக்கும் இனத்துக்கும் உரிய இடத்தை முறையாக வகுத்துக் கொடுக்காத நாடு அமைதியுறாது. ஆயின், 1994 சனவரியில் நடந்ததைப் பார்க்க: பசுத்தூனாகிய எக்மத்தியார், உசுபெக்காகிய தோசுதத்தோடு சேர்ந்து காபூலைத் தாக்கினார். நேற்றுவரை பொதுவுடைமை ஆட்சியின் படைத்தலைவரென்று தாம் தூற்றியவரையே இன்று தோழராக்கிக்கொண்டார்! இனம் பெரிதென்றோ, கொள்கை பெரிதென்றோ கருதுபவர் செய்யும் செயலா இது? ஆட்சிக்கட்டிலைப் பகிர்ந்துகொள்ள மனமில்லாமையே நோய். இனமும் சமயமும் அந்நோய்க்குப் போர்த்திய போர்வைகள்.

மக்கள் சலித்தனர். ஊர்தோறும் வழிமறித்து வரிபறித்த படைக்கூட்டங்களிடமிருந்து விடுபட எவர் வந்தாலும் போதும் என்னும் நிலை வந்தபொழுது, 1994-இல் கந்தகாரில் தாலிபான் எழுந்தது. பாக்கித்தான் தன் துணையை அப்பக்கம் திருப்பியது. 1996 செப்தம்பர் 27-இல் காபூல் அவர்கள் கையில் வீழ்ந்தது. நசீபுல்லா கொல்லப்பட்டுத் தெருவில் தொங்கவிடப்பட்டார். 2001 செப்தம்பர் 9-இல் செய்தியாளர் வேடத்தில் வந்த இருவரால் மசூது கொல்லப்பட்டார். காபூல் சுற்றுவட்டத்தில் சோவியத்துப் படையை எதிர்த்துப் போராடி ஒரு பாதத்தை இழந்தவரும், பாக்கித்தான் உளவமைப்பின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தவருமாகிய அப்துல் அக்கு, பசுத்தூன் பெரியவர்களை ஒன்றுகூட்டும் நோக்கத்தோடு நாட்டுக்குள் நுழைந்து, அதே ஆண்டு அக்தோபர் 26-இல் தாலிபான் கையால் மாண்டார். இணைக்க வல்லாரும் இவ்வாறு ஒருவர்பின் ஒருவராய் மறைந்தனர்.

அமெரிக்கப் படை வந்த பின்னராவது பாடம் படிக்கப்பட்டதா எனின், இல்லை. 2001 திசம்பரில் செருமனியின் பான் நகரில், ஒன்றுபட்ட நாடுகள் அவையின் முன்னிலையில் ஆட்சி வகுக்கப்பட்டது. அமீது கர்சாய் தலைமையேற்றார். பழைய படைத்தலைவர்களுள் பலர் அமைச்சரும் ஆளுநரும் ஆயினர். அவர்தம் பழைய குற்றங்களுக்கு எவ்வகை உசாவலும் இல்லை. 2014 தேர்தலில் அசுரப்பு கனிக்கும் அப்துல்லாவுக்கும் எழுந்த பூசலை அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வந்தே தீர்த்துவைக்க வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரி 29-இல் தோகாவில் அமெரிக்காவும் தாலிபானும் உடன்படிக்கை செய்துகொண்டபொழுது, காபூல் அரசுக்கு அங்கே இருக்கையே இல்லை. தன் வீட்டு வழக்கை அயலான் தீர்த்துவைக்கப் பொறுத்துக்கொண்டவன், ஒருநாள் தன்னைக் கேளாமலே தன் வீடு கைமாறுவதையும் காண நேரும். 2021 ஆகசுட்டு 15-இல் கனி நாட்டைவிட்டு அகன்றார், படை கலைந்தது, தாலிபான் மீண்டும் காபூலுள் புகுந்தது. மசூதின் மகன் பஞ்சுசீரில் எழுப்பிய எதிர்ப்பும் சில கிழமைகளில் மலைமேல் ஒதுங்கிற்று.

அதன் பின்னரும் வென்றவர் ஆட்சியைப் பிறரோடு பகிர்ந்தாரில்லை. பெண்மக்களின் மேனிலைக் கல்விக்கு 2021-இல் தாழிட்டனர். 2022 திசம்பரில் பல்கலைக்கழக வாயிலையும் அடைத்தனர். நாட்டின் சரிபாதி மக்களை வெளியே நிறுத்திவிட்டு நாட்டை வென்றுவிட்டோம் என்பது வெற்றியாகுமா? 2025 சூலையில் அவ்வாட்சிக்கு முதன்முதல் ஏற்பிசைவு தந்த நாடு எது? எந்தப் படையை விரட்ட அந்த மலைகள் செந்நீரில் நனைந்தனவோ, அந்தப் படையை அனுப்பிய வல்லரசின் வழிவந்த உருசியாவே! வல்லரசுகளுக்கு நிலையான பகையும் இல்லை, நட்பும் இல்லை. அவற்றை நம்பித் தம் உடன்பிறந்தாரைப் பகைத்தவர்க்கே இழப்பு நிலையானது.

விடுதலை வேண்டும் மக்கள் இவ்வரலாற்றிலிருந்து கற்கவேண்டுவது ஒன்றுண்டு. வென்ற பின் எவ்வாறு ஆள்வது என்பதை வெல்லுமுன்னரே பேசித் தெளிதல் வேண்டும். சிறுபான்மையர்க்கும் பெண்டிர்க்கும் எதிர்க்கருத்தினர்க்கும் உரிய இடம் எது என்பதைப் போர்க்களத்திலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும். மறவர்களைப் பெறுவது ஒரு நாட்டுக்கு அரிதன்று. தம் பங்கைக் குறைத்துக்கொள்ளத் துணியும் தலைவர்களைப் பெறுவதே அரிது. ஆப்கானிய மக்களுக்கு மறம் குறைவாக இருந்ததில்லை. அவர்தம் தலைவர்களிடத்துக் குறைந்தது விட்டுக்கொடுக்கும் பெருமையே. அக்குறையின் விலையை இன்றுவரை கட்டிவருபவர் தலைவர்கள் அல்லர். கல்விக்கூடத்தின் அடைத்த கதவுக்கு வெளியே நிற்கும் அந்நாட்டுச் சிறுமியரே!